வேனிலிருந்து பார்த்த துபாய்

துபாயில் நான் பார்த்த வேலைக்கு வேன் சேல்ஸ்மேன் என்று பெயர். விசாவில் வேறு ஏதோ போட்டிருந்தார்கள், அது தனிக் கதை. விடியுமுன் கிடங்குக்குப் போய் பிஸ்கட், ஜூஸ், பால் பவுடர், டின் மீன் என்று வேனை நிரப்பிக்கொள்ள வேண்டும். அப்புறம் நமக்குக் கொடுத்த ரூட்டில் இருக்கும் பக்காலாக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். சரக்கை இறக்கி, தேதி முடிந்ததைத் திரும்ப எடுத்து, பழைய பில்லுக்குப் பணம் கேட்டு, இருட்டிய பிறகு கணக்கு ஒப்படைக்க வேண்டும். பக்காலா என்பது நம் ஊர் பெட்டிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் நடுவில் ஒன்று. என் ரூட்டில் பெரும்பாலானவற்றை மலையாளிகள் நடத்தினார்கள். அதனால் அரபி கற்றுக்கொள்வதற்கு முன்பே எனக்கு மலையாளம் வந்துவிட்டது.

80களின் கடைசியில் போனவன், வாட் வரி வந்த 2018இல் ஊர் திரும்பினேன். இப்போது கடையநல்லூரில் இருக்கிறேன். தறி நெய்த ஊர் இது. எங்கள் தாத்தாமார் காலத்தில் பினாங்கு, சிங்கப்பூர் என்று கப்பல் ஏறினார்கள். எங்கள் காலத்தில் துபாய், ஷார்ஜா, சவூதி. அசர் தொழுகை முடிந்த நேரத்தில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பக்கத்து பெஞ்சில் துபாயில் இருபது, முப்பது வருடம் கழித்தவர் ஒருவராவது இருப்பார். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ‘அப்ப அங்கன எப்படி இருந்துச்சு தெரியுமா’ என்பதில் வந்து நிற்கும். சண்டையும் அங்கேதான் தொடங்கும்.

சண்டைக்குக் காரணம் புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. ஒவ்வொருவருடைய துபாயும் அவரவர் விசா கேன்சலான வருடத்தோடு நின்றுபோயிருக்கிறது. அதற்குப் பிறகு அங்கே முளைத்த எதையும் அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் வருவதற்கு முன் இருந்ததை இன்னொருவர் சொன்னால் அதையும் முழுசாக நம்புவதில்லை.

எங்கள் பெஞ்சில் மூத்தவர் ஒரு மாமா. பம்பாயிலிருந்து துவாரகா கப்பலில் போனவர். அந்தக் கப்பல் 1982 வரை ஓடியது. அவர் போய் இறங்கியபோது திர்ஹமே கிடையாது, முதல் சம்பளம் கத்தார்–துபாய் ரியாலில் வந்திருக்கிறது. திர்ஹம் வந்தது 1973இல். அதற்கும் முன்னால், 1966 வரை, அங்கே நம்முடைய ரிசர்வ் வங்கி அச்சடித்த வளைகுடா ரூபாய்தான் செல்லுபடியானது. இதைச் சொன்னால் இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். ரஷீத் துறைமுகத்தில் மூட்டை இறக்கியதையும், துபாயை இரண்டாகப் பிரிக்கும் கடற்கழிக்கு அடியில், பர்துபாய்க் கரையிலிருந்து தேராக் கரைக்கு, ஷிந்தகா சுரங்கப்பாதை 1975இல் திறந்ததையும், அதில் முதல் தடவை போகையில் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று பயந்து கலிமா சொன்னதையும் அவர் சொல்லும்போது எனக்கு நேரம் போவதே தெரியாது. அவர் கணக்கில் டிரேட் சென்டர் ஒரு புதுக் கட்டடம். 1979இல் வந்தது, 39 மாடி. ‘அதைத் தாண்டுனா ஒண்ணுமில்ல மருமவனே, மண்ணுதான்’ என்பார்.

நான் போனபோதும் கிட்டத்தட்ட அப்படித்தான். பழைய 100 திர்ஹம் நோட்டின் பின்பக்கத்தில் அந்தக் கட்டடம் இருக்கும். அபுதாபிக்குப் போகும் சாலையில் அது ஒற்றையாக நிற்கும், தூரத்திலிருந்து வருகிறவனுக்கு அதுதான் அடையாளம். அந்தச் சாலைதான் இப்போது ஷேக் சாயித் ரோடு. பக்கத்துக்கு ஆறு தடம், அதற்கு மேலும் உண்டு. இரண்டு பக்கமும் கண்ணாடிச் சுவர் எழுப்பியதுபோல் கட்டடங்கள். அவற்றுக்கு நடுவில் டிரேட் சென்டரைக் கழுத்தைத் திருப்பித் தேட வேண்டும். அதற்குச் சற்றுத் தள்ளி டிஃபென்ஸ் ரவுண்டபோட் என்று ஒரு சாலை வட்டம் இருந்தது. அந்தப் பக்கம் இப்போது புர்ஜ் கலீஃபா நிற்கிறது. 2004இல் தோண்ட ஆரம்பித்து, 2010 ஜனவரி 4ஆம் தேதி திறந்தார்கள். திறக்கும் வரைக்கும் பெயர் புர்ஜ் துபாய், திறந்த அன்றைக்குப் பெயரை மாற்றினார்கள். 828 மீட்டர். வேன் ஓட்டுகிறவனுக்கு இதனால் ஏற்பட்ட நேரடி விளைவு, நாலைந்து வருடம் அந்தப் பக்கம் போனால் எந்த வழி இன்று திறந்திருக்கும் என்று தெரியாது என்பதுதான்.

வழி சொல்வது அங்கே ஒரு தனித் திறமை. வீட்டுக்குத் தபால் வராத ஊர் அது, தபால் பெட்டி எண்தான் விலாசம். கடைக்காரன் போனில் வழி சொல்வான்: ‘ஃபிஷ் ரவுண்டபோட் தாண்டி, பள்ளிவாசலுக்குப் பின்னால், பச்சை போர்டு பார்மஸியை ஒட்டி.’ மூன்று மாதத்தில் பார்மஸி இருக்காது. ரவுண்டபோட்டை இடித்து சிக்னல் வைத்திருப்பார்கள். ஆனாலும் அந்தப் பெயர் நாக்கில் அப்படியே இருக்கும். இல்லாத வட்டத்தைச் சொல்லித்தான் பத்து வருடம் வழி கேட்டோம், வழி சொன்னோம். பிற்பாடு அரசாங்கமே ஒவ்வொரு கட்டட வாசலுக்கும் மக்கானி என்று பத்து இலக்க எண் ஒட்டியது. அதைப் போனில் அடித்தால் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். எனக்கு அது பெரிய நிம்மதி. பழைய ஆட்கள் சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. ஜூலை மாத வெயிலில் உருகும் சாக்லேட் பெட்டிகளோடு ஒரே சந்தை மூன்று தடவை சுற்றியவனைக் கேளுங்கள்.

‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்கிற பேச்சில் எனக்குப் பொதுவாகவே நம்பிக்கை கிடையாது. அந்தக் காலத்தில் ஓர் அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில், ஒரு கக்கூஸ். ஊருக்குப் பேச வேண்டுமென்றால் எதிசலாத் டெலிபோன் கம்பெனியின் பூத்தில் கார்டைச் சொருகிவிட்டு, அது குறைவதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். முக்கியமானதைக் கேட்பதற்குள் கார்டு தீர்ந்துவிடும். பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் வந்தவர்கள் எங்கள் பெஞ்சிலேயே இருக்கிறார்கள். கட்டட வேலைக்காரர்களுக்குக் கோடையில் மத்தியான இடைவேளையும் கிடையாது. இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ரோட்டில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இரண்டரை மணி நேரம் சின்ன விஷயமில்லை.

ஒன்றே ஒன்றுக்காக மட்டும் நானும் பழைய காலத்துப் பக்கம் சாய்வேன். வெள்ளிக்கிழமை மாலை தேராவில் சப்கா பஸ் ஸ்டாண்டு, நாயிஃப் பக்கம் போனால் ஊருக்கு ஒரு மூலை இருக்கும். கடையநல்லூர்க்காரர்கள் ஒரு பக்கம், மேலப்பாளையத்தார் ஒரு பக்கம், ஏர்வாடி, புளியங்குடி என்று தனித்தனியாக. யார் ஊருக்குப் போகிறார், யார் வந்திருக்கிறார், யாருக்கு வேலை போயிற்று, எல்லாம் அங்கே தெரியும். நான் அதைத் தொழிலுக்கும் பயன்படுத்திக்கொண்டேன். தொழிலாளர்கள் தங்கும் எந்த கேம்ப்புக்குப் புதிதாக ஆள் வருகிறது என்று அங்கே காதில் விழும். மறுநாள் அந்த கேம்ப் வாசல் பக்காலாவில் கூடுதலாகச் சரக்கு இறக்குவேன்.

விலைகளைத்தான் நான் அதிகம் கவனித்தேன், என் பிழைப்பே அதுதானே. பெப்சி டின் ஒரு திர்ஹம். நான் போன காலத்திலிருந்து 2010 முடியும்வரை அதே ஒரு திர்ஹம்தான். ஊரில் அதற்குள் என்னென்னவோ விலை ஏறி இறங்கிவிட்டது. 2011 தொடங்கியபோது ஒன்றரை ஆக்கினார்கள். கடைக்கடையாக வாங்கிக் கட்டிக்கொண்டது நாங்கள்தான், கம்பெனி முதலாளியா வந்து நிற்பார்? 2017 அக்டோபரில் குளிர்பானத்துக்கு 50 சதவீத வரி, சிகரெட்டுக்கும் எனர்ஜி டிரிங்குக்கும் 100 சதவீதம். அடுத்த ஜனவரியில் எல்லாவற்றுக்கும் ஐந்து சதவீத வாட். கையால் எழுதிய பில் புத்தகம் போய்க் கைமெஷின் ஏற்கெனவே வந்திருந்ததால் பிழைத்தேன். அதற்கு முன்பே, 2007இல், சாலிக் என்ற சாலைச் சுங்கம் வந்தது. கர்ஹூத் பாலத்தைத் தாண்டினால் நாலு திர்ஹம். தேரா வேன் பாலத்தைத் தாண்டாதபடி எங்கள் ரூட்டையே மாற்றி வரைந்தார்கள். வருடக்கணக்காகப் பழகிய கடைகள் ஒரே நாளில் வேறொருவன் கைக்குப் போயின.

சந்தைகளும் இடம் பெயர்ந்தன. ஹம்ரியாவில் இருந்த காய்கறிச் சந்தையை 2004இல் ஊருக்கு வெளியே அல் அவீருக்குக் கொண்டுபோனார்கள். 2017இல் தேரா மீன் மார்க்கெட் கடலோரத்தில் புதுக் கட்டடத்துக்குப் போனது. ஏசி, பளபளவென்று தரை. மீன் வாடையே இல்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். சந்தை நகர்ந்தால் அதை ஒட்டி இருக்கும் டீக்கடை, சுமைக்காரர், தங்கும் அறைகள், அவர்களை நம்பியிருந்த பக்காலா எல்லாம் கூடவே கலையும். பத்திரிகையில் புதுக் கட்டடத்தின் படம்தான் வரும். கலைந்தது என் வசூல் நோட்டில் வரும்.

வசூல் நோட்டு என்றதும் 2009 ஞாபகம் வருகிறது. அதற்கு முந்தைய வருடக் கடைசியில் பணநெருக்கடி தொடங்கியது. விமான நிலையத்தில் காரை விட்டுவிட்டு ஓடினார்கள் என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். எனக்குத் தெரிந்தது அல் கூஸ், சோனாபூர், ஜெபல் அலி கேம்ப்புகள். கிரேன்கள் அசையாமல் நின்றன. ஒரு வாரம் பஸ் நிறைய ஆட்கள், மறுவாரம் பாதி, அதற்கடுத்த வாரம் கேம்ப் வாசலில் காவலாளி மட்டும். கேம்ப் பக்காலா எல்லாம் கடனில்தான் ஓடும். சம்பளம் வந்ததும் கொடுப்பார்கள், கடைக்காரன் நீளமான நோட்டில் அறை எண்ணைப் போட்டு எழுதி வைத்திருப்பான். ஆளுடைய முழுப்பெயர் இருக்காது. ‘ரூம் 14 ஆந்திரா நெட்டை’, ‘ரூம் 22 தென்காசி’ என்றுதான் இருக்கும். ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிவிட்டால் அந்த நோட்டை வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது?

கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் அந்த நோட்டை என்னிடம் பிரித்துக் காட்டினார். எனக்குத் தர வேண்டிய பணம் அதற்குள்தான் இருக்கிறது என்று அவர் சொல்லாமலே புரிந்தது. கம்பெனியில் சொன்னேன். ‘வசூலாகாவிட்டால் உன் கமிஷனில் பிடிப்போம்’ என்றார்கள், பிடித்தார்கள். அவர் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நாலைந்து மாதம் கழித்து ஆள் மூலமாகக் கொஞ்சம் பணம் அனுப்பியிருந்தார். ‘தென்காசிக்காரன் ஊரிலிருந்து அனுப்பிவிட்டான், மற்றவர்கள் பாவம்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ரூம் 22 யாரென்று எங்கள் பக்கத்தில் விசாரித்தும் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

துபாயில் எவ்வளவு வருடம் இருந்தாலும் வேலை முடிந்தால் கிளம்பிவிட வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் ஏற்பாடு, தெரிந்துதான் போனோம். பணம் உள்ளவர்களுக்கு இப்போது நீண்டகால விசா எல்லாம் வந்திருக்கிறது. 1968இல் அந்த நகரத்தின் ஜனத்தொகை அறுபதாயிரத்தை எட்டவில்லை. இன்று 35 லட்சத்தைத் தாண்டியாயிற்று. இரண்டுக்கும் நடுவே வந்துபோனவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய ஞாபகம் அங்கே இல்லை. கடையநல்லூரிலும் கோழிக்கோட்டிலும் பெஷாவரிலும் பெஞ்சு பெஞ்சாகக் கிடக்கிறது.

நாங்கள் ஊருக்கு வந்து பார்த்தால் ஊரும் அப்படியே இல்லை. திருநெல்வேலி மாவட்டம் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம், 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் ஆகிவிட்டது. மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கலெக்டர் ஆபீஸ் என்றால் அவருக்குத் திருநெல்வேலிக் கொக்கிரகுளம்தான்.

2024 ஏப்ரல் 16ஆம் தேதி அங்கே பெய்த மழைதான் பெஞ்சில் கடைசியாக நடந்த பெரிய வாக்குவாதம். விமான நிலையத்தில் தண்ணீர், ஷேக் சாயித் ரோட்டில் கார்கள் மிதக்கின்றன. 75 வருடத்தில் இல்லாத மழை என்றார்கள். அபுதாபியைச் சேர்ந்த அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரே நாளில் 25 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அதற்கு நாலு மாதம் முன்னால்தான் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணிக் கரை முழுக்க மூழ்கியிருந்தது. ‘இருபத்தஞ்சுக்கா இந்தக் கூப்பாடு’ என்றார் ஒருவர். சத்வாவில் தையல் கடை வைத்திருந்தவர் விடவில்லை. மழையே பெய்யாது என்று நம்பிக் கட்டிய ஊரில் மழைத்தண்ணீர் எங்கே போகும் என்றார். மாமா, அந்தக் காலத்தில் மண் குடித்துவிடும், இப்போது மண்ணே இல்லையே என்றார். மூன்று பேர் சொன்னதும் சரி என்றுதான் எனக்குப் பட்டது, சொன்னால் யார் கேட்கிறார்கள்.

போன வாரம் தையல்காரரின் தங்கை மகன் வந்தான். ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் வேலை, பயணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஏர்போர்ட்டிலிருந்து எப்படிப் போக வேண்டும் என்று நாலு பேரும் அவனுக்கு வழி சொன்னோம். மாமா மக்தூம் பாலம் வழியாக அனுப்பினார், தையல்காரர் சத்வாவுக்குள் புகுந்து போகச் சொன்னார், நான் கர்ஹூத் வழிதான் நல்லது, ஆனால் சாலிக் உண்டு என்றேன். இன்னொருவர் டிஃபென்ஸ் ரவுண்டபோட்டில் இடதுபக்கம் திரும்பு என்றார். பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘நான் மெட்ரோவுல போய்க்கிடுதேன் மாமா’ என்றான்.