உழைப்பாளர் சிலை: படத்தில் பாரம் தெரிய வேண்டும்

தேவி பிரசாத் ராய் சவுத்ரி வடித்த மெரினா உழைப்பாளர் சிலையைக் காலையில் சாலைப் பக்கமிருந்து எடுத்தால், வெயில் பின்னாலிருந்து அடித்து வெண்கலம் கரிக்கட்டையாகிவிடும். உடனே எடிட்டிங் செயலியில் ஷேடோஸை (இருண்ட பகுதிகளின் வெளிச்சத்தை) +70க்கு ஏற்றாதீர்கள்; உலோகம் சாம்பல் பூத்து, நாய்ஸ் எனும் புள்ளிகள் கிளம்பும். ரா ஃபைலில் (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பில்) ஷேடோஸ் +20, ஹைலைட்ஸ் (வெளிச்சமான பகுதிகள்) -60 போதும்.

வானத்தை மட்டும் மாஸ்க் செய்து, அதாவது தனியே தேர்ந்தெடுத்து, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் (பாதியாக) இறக்குங்கள். கை கால்களுக்கு நடுவே உள்ள சந்துகள் மாஸ்க்கில் விட்டுப்போகும், பிரஷ்ஷால் சேருங்கள். இல்லையென்றால் அங்கே மட்டும் வானம் வெளேரென்று பல்லிளிக்கும். விளிம்புகளைத் துலக்கும் கிளாரிட்டி 25ஐத் தாண்டினால் தோளைச் சுற்றி வெள்ளைக்கோடு விழும்.

உயிரே அந்த முறுக்கேறிய தசைகளில்தான். பிரஷ் ஃப்ளோவை (ஒரு தடவலில் ஏறும் அளவை) 10 வைத்து, வெளிச்சம் ஏற்கெனவே தொட்ட விளிம்புகளை மட்டும் மூன்று நான்கு முறை தடவி ஏற்றுங்கள். உழைப்பாளர்கள் நகர்த்தும் பாறையைத் தொடவே வேண்டாம். இருட்டாக இருந்தால்தான் அது கனக்கும்.