ஜூஸரை மூட்டை கட்டிய கதை

ரத்தப் பரிசோதனைத் தாளில் இரண்டு இடத்தில் கோடு போட்டுக் காட்டினார் டாக்டர். ஒன்று கெட்ட கொழுப்பு, இன்னொன்று மூன்று மாதச் சராசரி சர்க்கரை. "மாத்திரை இப்போ வேணாம். சாப்பாட்டுல நார்ச்சத்தைக் கூட்டுங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க."

தினமும் காலையில் ஆப்பிள் ஜூஸ் குடிப்பவன் நான். அதைப் பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார். "நாரைத்தான் வடிகட்டிக் குப்பையில போட்டுடறீங்களே!"

ரோஷத்தில் வீட்டுக்கு வந்து படித்தேன். 1977இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் பத்துப் பேருக்கு முழு ஆப்பிள், மசித்த ஆப்பிள், ஜூஸ் மூன்றையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முழுப் பழத்தைவிட ஜூஸ் 11 மடங்கு வேகமாக உள்ளே போயிருக்கிறது, வயிறும் நிறையவில்லை. அன்றோடு ஜூஸருக்கு ஓய்வு.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. என் கணக்கு பத்தைத் தாண்டவில்லை. விடுவேனா? மறுநாளே தவிடு, பயறு, ஓட்ஸ் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆரம்பித்தேன். நான்காம் நாள் ஆபீஸ் மீட்டிங்கில் என் வயிறுதான் அதிகம் பேசியது.

நார் நமக்குச் செரிக்காது. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதில் ஒரு பகுதியை நொதிக்க வைக்கின்றன. அப்போது உண்டாகும் பியூட்டிரேட் குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள். கூடவே வாயுவும் உண்டாகும். திடீரென்று மூட்டை மூட்டையாக இறக்கினால் அவை என்ன செய்யும், பாவம். போதாக்குறைக்கு நான் தண்ணீரையும் கூட்டவில்லை. மலச்சிக்கல் தீரும் என்று தின்ற தவிடே மலச்சிக்கலைக் கொண்டுவந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்தேன், வயிறு அடங்கியது.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஓட்ஸின் வேலைதான். அதிலுள்ள பீட்டா குளூக்கன் என்ற நார் குடலில் கூழாகி, கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் செய்து அனுப்பும் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். இழந்ததை ஈடுகட்டப் புதிதாகச் செய்ய வேண்டுமே. அதற்குக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொழுப்பை எடுத்துக்கொள்ளும். தினம் 3 கிராம் பீட்டா குளூக்கன் போதுமாம்.

மூன்று மாதம் கழித்து, கொழுப்புக்குக் கோடு இல்லை. சர்க்கரை இம்மியளவு இறங்கியிருந்தது, கோடு அப்படியே. ஜூஸரை யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.