சாதாரண தரத்தோடு விட்ட நீச்சல், கம்பஸ் அணியில் மறுபடி

மருத்துவச் சான்றிதழில்தான் முதல் அடி விழுந்தது. கம்பஸ் நீச்சல் அணித் தெரிவுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்கு முதல்நாள், கடதாசியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். காரணம் இரண்டு. "தேகாரோக்கியமானவர்" என்று மட்டும் இருந்ததே தவிர, நீச்சலுக்கு என்று எழுதப்படவில்லை. முத்திரையில் வைத்தியரின் பதிவு இலக்கம் மை பரவி வாசிக்க முடியாமல் கிடந்தது. விண்ணப்பப் படிவத்தில் இந்த இரண்டில் ஒன்றுகூடச் சொல்லப்பட்டிருக்கவில்லை. படிவம் தந்த அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மட்டக்களப்பு டவுனுக்கு இன்னொரு பஸ் ஏறி அரை நாளை விட்டிருக்கத் தேவையில்லை. இன்னும் மனம் ஆறவில்லை.

ஆகவே வைத்தியரிடம் போகும்போதே "நீச்சல் பயிற்சிக்கும் போட்டிக்கும் தகுதியானவர்" என்ற வரியைக் கேட்டு எழுதுவியுங்கள். திகதி, கையொப்பம், இலங்கை மருத்துவச் சபைப் பதிவு இலக்கம் மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். இரண்டு போட்டோக் கொப்பி எடுத்துவிட்டு மூலத்தைக் கொடுங்கள். கம்பஸ் சுகாதார நிலைய வைத்தியரின் கையொப்பத்துக்குக் கேள்வி குறைவு, முதலில் அங்கே முயலுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, காதுச் சவ்வில் ஓட்டை என்று எது இருந்தாலும் மறைக்க வேண்டாம். வலிப்பு தரையில் வந்தால் ஆள் விழுவார். தண்ணீரில் வந்தால் மூழ்குவார். அடையாள அட்டை, படிவம், பெற்றோர் கடிதமெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

அடுத்த வீண் அலைச்சல் தடாகம். வடகீழ்ப் பருவ மழை கொட்டினால் திறந்த தடாகத்தில் குளோரின் ஐதாகி, பாசி பிடித்து, தண்ணீர் பச்சையாகிவிடும். சுத்தம் செய்து, குளோரின் போட்டு, அளவு சரிவரும்வரை பூட்டிவைப்பார்கள். அதை முன்கூட்டி யாரும் அறிவிக்கப்போவதில்லை. கார்த்திகை, மார்கழியில் புறப்படுமுன் கட்டாயம் தொலைபேசியில் கேளுங்கள். பெண்களுக்கு ஒதுக்கிய நேரத்தையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம்.

தடாகம் பூட்டியிருக்கிறதென்று வாவியில் இறங்காதீர்கள். முதலை உண்டு, வலை உண்டு, கலங்கிய தண்ணீரில் கீழே என்ன கிடக்கிறதென்றும் தெரியாது. கல்லடிக் கடல் மழைக்காலத்தில் ஆகவே ஆகாது. கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் பாசிக்குடா கைவீச்சுக்கும் மூச்சுக்கும் நல்லது. ஆனால் அங்கே சுவர் இல்லை, அதனால் திரும்பல் பழக முடியாது.

இனிப் பயிற்சி. ஐந்தாறு வருடம் தண்ணீரை விட்டவருக்கு மூச்சு மூன்று நான்கு வாரத்தில் திரும்பிவிடும். தோள் அவ்வளவு சீக்கிரம் வராது. உடம்புக்கு நீச்சல் மறக்காததால் முதல் நாளே பழைய வேகத்தில் கை போகும், தசைநாண்களோ அதற்குத் தயாராக இருக்காது. பாதியில் நின்றுபோகிறவர்களில் பலரை நிறுத்துவது இந்தத் தோள்தான். முதல் இரண்டு வாரம் கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு 800 மீற்றர் போதும். 50 மீற்றர் நான்கு தடவை மெதுவாக, அதே 50 எட்டுத் தடவை 30 செக்கன் ஓய்வோடு, 25 மீற்றர் நான்கு தடவை கால் மட்டும், கடைசி 100 ஆறுதலாக. பிறகு கிழமைக்கு 100 மீற்றருக்கு மேல் கூட்ட வேண்டாம். உள்ளங்கையில் மாட்டி நீந்தும் கைப்பலகையை ஆறு வாரம் தொடவே கூடாது, அது தோளில் விழும் பாரத்தை நேரடியாகக் கூட்டும்.

தோளின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் கை விழும் விதத்தில் பிழை. கை தலைக்கு நேர்முன்னே நடுக்கோட்டைத் தாண்டி விழக்கூடாது, தோளுக்கு நேரே விழ வேண்டும். பெருவிரல் முதலில் இறங்கினால் தோள் உள்நோக்கி முறுகும், அதனால் விரல் நுனிகள் ஒன்றாக இறங்கட்டும். இழுக்கும்போது முழங்கை உயர்ந்தே இருக்க வேண்டும். தண்ணீரில் இறங்குமுன் பழைய சைக்கிள் டியூப்பை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் இழுங்கள். 15 தடவைப்படி இரண்டு சுற்று. காசு கொடுத்து வாங்கும் இறப்பர் பட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. படுத்தபிறகும் வலி இருந்தால் மறுநாள் கால் பயிற்சி மட்டும்.

மூச்சைப் பற்றி ஒன்றே ஒன்று. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே ஊதி முடியுங்கள். வெளியே வந்து ஊதவும் இழுக்கவும் நேரம் கிடையாது, தலை உயரும், இடுப்பு தாழும். நண்பர்களோடு மூச்சடக்கிப் போட்டி மட்டும் வேண்டாம். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால் உடலில் கரியமிலவாயு குறைந்து "மூச்சு வேண்டும்" என்ற உந்தல் பிந்தும். அதற்குள் ஒட்சிசன் தீர்ந்து, எந்த அறிகுறியுமில்லாமல் நினைவு போய்விடும். நல்ல நீச்சற்காரரும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

தெரிவு நாளில் பழைய பாடசாலைச் சான்றிதழ் நேரத்தை நம்பிப் போகாதீர்கள். 25 மீற்றர் தடாகத்தில் 100 மீற்றருக்கு மூன்று தடவை சுவரை உதைக்கலாம், 50 மீற்றரில் ஒரே தடவைதான். நேரம் ஒன்றிரண்டு செக்கன் கூடுவது இயல்பு. எந்த நீளத்தில் தெரிவு என்று முதலே கேளுங்கள்.

வேகம் இருந்தும் வெளியே அனுப்பப்பட்டவர்கள் போட்டி விதியில்தான் விழுந்தார்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். அவசரத்தில் ஒற்றைக் கை முந்தினால் முடிந்தது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் பாய்ந்த பின்னும் திரும்பிய பின்னும் இரண்டு காலையும் சேர்த்து அடிக்கும் பட்டர்ஃப்ளை உதை ஒரேயொரு தடவைதான். மற்ற மூன்று பாணியிலும் (ஃப்ரீஸ்டைல், பேக் ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை) 15 மீற்றருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும். பேக் ஸ்ட்ரோக்கில் மல்லாந்து நீந்துவதால் சுவர் தெரியாது, அதனால் சுவருக்கு 5 மீற்றர் முன்னால் மேலே குறுக்காகக் கொடி கட்டியிருக்க வேண்டும். எங்களுக்கு அன்று கட்டவே இல்லை, ஒரு பிள்ளையின் தலை சுவரில் மோதியது. கொடியைக் கேட்டு வாங்குங்கள், பயிற்சியிலேயே கொடியிலிருந்து சுவருக்கு எத்தனை கை என்று எண்ணி வையுங்கள். நீச்சல் கண்ணாடி பாயும்போது கழன்றால் பட்டியைத் தொப்பிக்கு உள்ளே விடுங்கள், நாடியை நெஞ்சோடு ஒட்டுங்கள்.

சர்வதேச விதியில் பெண்களின் உடை தோளைத் தாண்டவோ முழங்காலுக்குக் கீழே போகவோ கூடாது. முழுதும் மூடிய உடையில் நீந்துகிறவர்கள் பயிற்சியில் பிரச்சினையில்லை என்பதை நம்பிப் போட்டி நாள்வரை விடாமல், ஏற்பாட்டாளரிடம் முன்பே எழுத்தில் அனுமதி கேட்பது நல்லது.

அணிக்குள் நுழையும் வழி பெரும்பாலும் ஃப்ரீஸ்டைல் அல்ல. அதற்குத்தான் எல்லோரும் வருகிறார்கள். ஆளுக்கொரு பாணியில் நீந்தும் மெட்லி அஞ்சலுக்கு பேக், பிரெஸ்ட், பட்டர்ஃப்ளை, ஃப்ரீஸ்டைல் என்ற ஒழுங்கில் நான்கு பேர் வேண்டும், பேக்குக்கும் பட்டர்ஃப்ளைக்கும் ஆள் கிடைப்பது அருமை. எந்த இடம் காலி என்று பயிற்றுநரைக் கேட்டு அதைப் பழகுங்கள். பேக் ஸ்ட்ரோக்கைப் பிடித்ததால்தான் என் பெயரும் பட்டியலில் ஏறியது. அந்தத் தாளைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

பட்டியலில் பெயர் வந்த அன்றே போட்டித் திகதிகளை விரிவுரை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பரீட்சைக்கு 80 வீத வரவு கேட்பார்கள். போட்டிக்குப் போகுமுன்பே விடுகைக் கடிதத்தை வாங்கித் துறையில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு உங்கள் பிரதியில் கையொப்பம் எடுங்கள். போய்வந்த பிறகு கொடுத்த கடிதம் எங்களில் இருவருக்கு ஏற்கப்படவில்லை.