காயாவில் முதிர்ந்த போர்ட்: ருசிக்கும் வரிசையும் மதிப்பெண் கணக்கும்

போர்ச்சுகலின் போர்ட்டோ நகர ஆற்றங்கரையில் நின்றால் எதிர்க்கரை ஓட்டுக் கூரைகளின் மேல் ஒயின் நிறுவனங்களின் பெயர்கள் பெரிய எழுத்தில் தெரியும். அந்தக் கரைதான் விலா நோவா டி காயா, சுருக்கமாகக் காயா. சாராயம் சேர்த்த இனிப்பு ஒயினான போர்ட்டை முதிர வைக்கும் கிடங்குகள் இருக்கும் இடம். 1886-ல் திறந்த டோம் லூயிஸ் பாலத்தில் இரண்டு தளம். மேலே மெட்ரோவும் நடைபாதையும், கீழே சாலை. கிடங்குகளுக்குப் போகக் கீழ்த்தளமே நல்லது. மேலே போனால் ஒரு மேட்டை இறங்கி, குடித்த பிறகு அதே மேட்டை ஏற வேண்டியிருக்கும்.

திராட்சை விளைவது இங்கே அல்ல. கிழக்கே டோரு பள்ளத்தாக்கில், பின்யாவ் ஊரைச் சுற்றிய மலைச்சரிவுகளில். நொதிக்கும் சாற்றில் 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்த்தால் ஈஸ்ட் செத்து, பாதி சர்க்கரை அப்படியே தங்கிவிடும். 435 லிட்டர் சாற்றுக்கு ஏறக்குறைய 115 லிட்டர் சாராயம், மொத்தம் 550 லிட்டர். அதுவே ஒரு பீப்பாய்க் கணக்கு. முதிர வைப்பதற்குத்தான் காயா. பள்ளத்தாக்கின் கோடை பீப்பாயைச் சுட்டுவிடும். கடற்காற்று படும் காயாவின் கிடங்குகள் குளுமையாக, ஈரமாக இருக்கும்.

எல்லா முதிர்ந்த போர்ட்டையும் ஒரே தாளில் ஒரே அளவுகோலால் மதிப்பிடுவதுதான் இங்கே வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. மரப் பீப்பாயில் முதிர்ந்ததும் பாட்டிலில் முதிர்ந்ததும் வேறு வேறு சாதி.

டானி வகை சிறு பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் மெல்ல மூச்சு வாங்குகிறது. சிவப்பு உதிர்ந்து செம்பழுப்பாகும், நீரும் ஆல்கஹாலும் ஆவியாக, மிஞ்சுவது அடர்ந்துகொண்டே போகும். லேபிளில் உள்ள 10, 20, 30, 40 என்ற எண்கள் துல்லியமான வயது அல்ல. பல ஆண்டு ஒயின்களைக் கலந்து, அந்த வயதுக்குரிய குணம் இருக்கிறதா என்று அரசின் போர்ட் ஒயின் நிறுவனத்து ருசிப்புக் குழு பார்த்து ஒப்புதல் தருகிறது. ஒரே ஆண்டு அறுவடையை மரத்திலேயே குறைந்தது 7 ஆண்டு வைத்தால் அது கொல்யைட்டா. அதில் அறுவடை ஆண்டோடு பாட்டிலில் அடைத்த ஆண்டும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் மரத்தில் கழிந்த காலம். அதேபோல ஒரே ஆண்டு அறுவடைதான் என்றாலும் வின்டேஜ் நேர்மாறு. இரண்டு, மூன்று ஆண்டுக்குள் வடிகட்டாமல் பாட்டிலில் ஏறிவிடும், மிச்ச வாழ்க்கை முழுக்கக் காற்றுப்படாத இருட்டில்.

ஆகவே வரிசையும் தலைகீழாகும். டானியில் இளையதிலிருந்து மூத்ததற்குப் போங்கள். 40-ஐக் குடித்த நாக்கில் 10 தண்ணீர்போலத் தெரியும். வின்டேஜில் மூத்ததிலிருந்து இளையதற்கு. 2011-இன் துவர்ப்பு நாக்கில் ஒட்டிவிட்டால் 1977-இன் நுணுக்கம் எதுவும் பிடிபடாது. இரண்டு சாதியையும் ஒரே அமர்வில் கலக்காமல் இருப்பதே உத்தமம்.

கோப்பையில் 5 சென்டிலிட்டருக்கு மேல் வேண்டாம். டானிக்கு 12 முதல் 16 டிகிரி, வின்டேஜுக்கு 16 முதல் 18. அதற்கு மேல் சூடேறினால் ஆல்கஹால் மூக்கைக் குத்தி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். 20 சதவீத ஆல்கஹால் என்பதால் மூக்கைக் கோப்பைக்குள் நுழைக்காமல் விளிம்பில் வைத்தே மோந்து பாருங்கள். துப்புவதற்குப் பாத்திரம் கேட்க வெட்கப்பட வேண்டாம், சர்க்கரையே ஆறேழு கோப்பையில் நாக்கை மழுக்கிவிடும். ஊற்றுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஆண்டையல்ல, பாட்டில் எப்போது திறந்தது என்பதை. டானி திறந்து வாரக்கணக்கில் தாங்கும். வின்டேஜ் ஒன்றிரண்டு நாளில் சரிந்துவிடும். முந்தாநாள் திறந்ததைக் குடித்துவிட்டு அந்த ஆண்டையே குறை சொல்வது நியாயமில்லை.

பழைய வின்டேஜைத் திறப்பதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். குறைந்தது ஒரு நாள் முன்பே பாட்டிலை நிறுத்தி வைத்திருப்பார்கள், வண்டல் அடியில் இறங்குவதற்காக. அரை நூற்றாண்டுக் கார்க் திருகாணி பட்டதும் பொடியாகும். அதனால் இடுக்கியைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, கார்க்குக்குக் கீழே கழுத்தைக் கவ்விச் சற்று நேரம் பிடிப்பார்கள். எடுத்ததும் குளிர்ந்த ஈரத்துணி. ‘டிக்’ என்று ஒரு சத்தம், கழுத்து கார்க்கோடு கையில் வந்துவிடும். பிறகு கழுத்துக்குக் கீழே விளக்கை வைத்துக்கொண்டு வேறொரு குடுவைக்குள் நிறுத்தாமல் ஒரே சீராகச் சாய்ப்பார்கள். கருத்த இழை ஒன்று பாட்டிலின் தோளை எட்டியதும் நிறுத்தம். பாதியில் நிமிர்த்தினால் வண்டல் கலங்கி எல்லாம் கெட்டது. டானிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை, வண்டலைப் பீப்பாயிலேயே விட்டுவிட்டுத்தான் வருகிறது.

மதிப்பெண்ணுக்கு 20 அளவுகோல் போதும்: நிறம் 3, மணம் 7, சுவை 10. 100 அளவுகோல் பார்க்கப் பெரிதாக இருந்தாலும், நல்ல போர்ட் எல்லாம் கடைசிப் பத்துப் பன்னிரண்டு எண்ணுக்குள் நெருக்கியடித்து நிற்கும். கோப்பையை வெள்ளைத்தாள் மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். மிக மூத்த டானியில் செம்பழுப்பு முடியும் இடத்தில் மெல்லிய பச்சைச்சாயல் ஓடும். மூன்றில் மூன்று தர அது போதும். வின்டேஜில் அப்படிப் பழுத்திருந்தால் கார்க் ஒழுகியதா என்று சந்தேகப்படலாம், பாட்டிலில் மட்டம் தோளுக்கு இறங்கியிருந்ததா என்று கேளுங்கள்.

மணத்தில் நனைந்த அட்டைவாடை வந்தால் கார்க் கெட்டது, மதிப்பெண்ணே வேண்டாம், வேறு பாட்டில் கேளுங்கள். நகப்பூச்சு வாடை கொஞ்சம் இருப்பது மூத்த டானிக்கு அழகு. அதுவே முந்திக்கொண்டு வந்தால் இரண்டு குறையுங்கள். சுவையில் இனிப்பை விட்டுவிட்டுப் புளிப்பைத் தேடுங்கள். புளிப்பு இல்லாத 40 ஆண்டு டானி வெறும் சர்க்கரைப்பாகு. துப்பிய பின் ருசி நிற்கும் விநாடிகளை எண்ணுங்கள், பொய் சொல்லாத அளவு அது ஒன்றுதான். இருபது நிமிடம் கழித்து மறுபடி மோந்து இரண்டாவது எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள்.

டானிக்குப் போடும் எண் கோப்பையில் இருப்பதற்கு. இளம் வின்டேஜுக்குப் போடுவது ஜாதகம் கணிப்பது. டவ் நிறுவனத்தின் 2011 வின்டேஜை ஒயின் ஸ்பெக்டேட்டர் இதழ் 2014-ல் அந்த ஆண்டின் ஒயினாகத் தேர்ந்தெடுத்தது 99 மதிப்பெண்ணோடு. அந்த எண்ணை நம்பி வாங்கி உடனே திறந்தவருக்குக் கிடைத்திருப்பது வாய் நிறையத் துவர்ப்பு.

வாங்குவதானால் பயணிக்கு ஏற்றது கொல்யைட்டாவோ 20 ஆண்டு டானியோ. குடிக்கத் தயாராகவே பாட்டிலில் ஏறியவை, விமானக் குலுக்கலில் கலங்க வண்டலும் இல்லை. வழக்கமான கார்க்குக்குப் பதில் தலை வைத்த கட்டைக் கார்க் இருந்தால் வீட்டில் மூடி மூடிக் குடிக்கலாம். பெரிய பெட்டியில்தான் போக வேண்டும், கைப்பையில் விடமாட்டார்கள். இந்தியாவுக்கு வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்: 750 மில்லியில் இரண்டு, கூடவே 375 மில்லி அரைப் பாட்டில் ஒன்று.