நாற்காலிக்குப் பின்னால் ஒரு டாக்டர்

கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படம் என்றால் மலையாள சப்டைட்டிலோடுதான். சின்னம்மா படித்தது மலையாள மீடியம். தமிழைப் பேசுவதோடு சரி. டேவிட் குரோனென்பெர்க் 2011-இல் எடுத்த ‘எ டேஞ்சரஸ் மெத்தட்’ பார்க்கும்போதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

1904. சபீனா ஸ்பீல்ரைன் என்ற ரஷ்ய யூதப் பெண், கத்தக் கத்த, சூரிச்சின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனைக்கு வந்து சேர்கிறாள். இளம் டாக்டர் யுங் அவளுக்கு மருந்து கொடுப்பதில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, தான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறார். என்ன ஆனாலும் திரும்பிப் பார்க்காதே, பேசு என்கிறார். சபீனாவாக நடிக்கும் கீரா நைட்லியின் தாடை முன்னே தள்ளிக்கொண்டு வருகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, வார்த்தை வர மறுக்கிறது. இதை மிகை நடிப்பு என்று சொன்னவர்கள் உண்டு. அப்பா அடித்ததைச் சொல்ல வருகிற பெண்ணுக்கு வாய் அழகாகவா திறக்கும்?

“ஏம்புள்ள, பாவசங்கீர்த்தனம் பண்ற மாதிரியே இருக்குது. சாமியாரும் நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டாருல்ல” என்றார் சின்னம்மா.

சரிதான், சர்ச்சில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது போலத்தான். ஆனால் சாமியார் கேட்டதை வெளியே விடமாட்டார். யுங்கோ 1906-லேயே வியன்னாவில் இருந்த, பேசவைத்தே மனநோயைத் தீர்க்கும் இந்த முறையின் முன்னோடியான ஃபிராய்டுக்கு இந்த நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுதியவர். படத்தில் அவளோடு படுக்கைவரை போய், விஷயம் கசிந்த பிறகும் இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவே அவள் கதை தபாலில்தான் ஓடுகிறது. அதே ஃபிராய்டு, 1909-இல் அமெரிக்கா போகும் கப்பலில், யுங்கின் கனவுக்கு ஜோராக அர்த்தம் சொல்லிவிட்டு, தன் கனவைக் கேட்டதும் நழுவுகிறார். சொன்னால் மரியாதை போய்விடுமாம்! சின்னம்மா வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

எனக்குக் குறை இதற்கப்புறம். சபீனா 1911-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அழிவுதான் புதியது பிறக்கக் காரணம் என்று 1912-இல் கட்டுரை எழுதினார். ஃபிராய்டு 1920-இல் வந்த தன் புத்தகத்தில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு போட்டார், அவ்வளவுதான். படமும் கிட்டத்தட்ட அதே அளவு இடத்தைத்தான் கொடுக்கிறது. 1942-இல் ரொஸ்தோவில் நாஜிகள் அவரையும் இரண்டு மகள்களையும் கொன்றார்கள். படத்தில் அவர் முடிவு கடைசியில் எழுத்தாக வந்து போகிறது. நடுவில் ஜெனீவாவில் அவர் டாக்டராக உட்கார்ந்து, பின்னாளில் குழந்தை உளவியலில் பேர்போன பியாஜேயையே பேசவைத்துக் கேட்டிருக்கிறார். யுங்கின் படகுச் சவாரியில் பாதியை வெட்டிவிட்டு அதைக் காட்டியிருக்கலாம்.