தனித்தனி எஸ்எஸ்டியில் விண்டோஸும் லினக்ஸும்: 48 இலக்கச் சாவிக்கு ஓசூர் வரை அலைந்த அனுபவம்

கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலைகளுக்குக் கணக்கு எழுதும் எனக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸ் தேவை. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குப் பாடத்துக்காக லினக்ஸ் என்ற மற்றோர் இயங்குதளம் தேவை. மடிக்கணினி ஒன்றுதான் என்பதால், ஒன்றில் வரும் பழுது மற்றொன்றைத் தொடாதிருக்க வேண்டும் என்று, காலியாக இருந்த இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் (டிஸ்க் செருகும் இடம்) புதிய எஸ்எஸ்டி (சேமிப்பு டிஸ்க்) ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். அதுவரை சிக்கல் எதுவும் இல்லை. உங்கள் ஸ்லாட் என்விஎம்இ வகையை ஏற்குமா, சாட்டா வகையை ஏற்குமா என்பதை மட்டும் வாங்கும் முன்பே கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

லினக்ஸ் ஏற்றுவதற்கு ரவுண்டானா பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தோம். அவர்கள் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற, துவக்கத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்பு வசதியை அணைத்துவிட்டு லினக்ஸை ஏற்றி, அது திறப்பதை மட்டும் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து விண்டோஸைத் திறந்தால், நீலத் திரையில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீயை (மீட்புச் சாவி) கேட்டு நின்றது. அதுவோ மாம்பழ சீசன். ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரத் தாக்கலுக்கு 11ஆம் தேதி கடைசி நாள். விற்பனைப் பட்டியல் முழுவதும் அந்தப் பூட்டுக்குள் இருந்தது. கடைக்கே திரும்பிப் போய்க் கேட்டபோது, "ஃபார்மேட் பண்ணிடலாம் சார், புதுசாவே போட்டுத் தர்றோம்" என்றார்கள். ஒருவருடைய ஆண்டுக் கணக்கு உள்ளே இருக்கிறதா என்று கேட்காமலேயே அழிக்க முன்வருவதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

நாம் பிட்லாக்கரைக் கேட்டு வாங்காவிட்டாலும், இப்போது வரும் கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கு கொண்டு விண்டோஸை முதன்முதலாக அமைக்கும்போதே டிஸ்க் பூட்டப்பட்டுவிடுகிறது. அதன் ரெக்கவரி கீயும் அந்தக் கணக்கிலேயே போய்ச் சேர்கிறது. எங்கள் மடிக்கணினியை ஓசூரில் வாங்கியபோது, விற்ற கடைக்காரர்களே தங்கள் மெயில் ஐடியைப் போட்டு அமைத்துக் கொடுத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. ஐம்பது கிலோமீட்டர் பேருந்தில் போய், பில்லையும் காட்டிக் கேட்டதற்கு, அந்த ஐடியை வைத்திருந்த பையன் வேலையை விட்டு நின்றுவிட்டான் என்றும், பாஸ்வேர்டு தங்களுக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட்டார்கள். புதிதாகக் கணினி வாங்குபவர்கள் முதல் அமைப்பைத் தங்கள் சொந்தக் கணக்கில், தங்கள் கையாலேயே செய்ய வேண்டும். கடைக்காரர் எவ்வளவு அன்பாக வற்புறுத்தினாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வழி காட்டியவள் மகள்தான். செக்யூர் பூட்டின் நிலை மாறினால், கணினிக்குள் இருந்து பிட்லாக்கரின் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் அதைத் தர மறுக்கும் என்றும், பழைய நிலைக்குத் திருப்பினால் தானாகவே தந்துவிடக்கூடும் என்றும் அவள் படித்துத் தெரிந்துகொண்டு, பயாஸில் செக்யூர் பூட்டை மறுபடி இயக்கி, பூட் மெனுவில் (எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பட்டியல்) விண்டோஸ் பூட் மேனேஜரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தாள். எந்தச் சாவியும் கேட்காமல் விண்டோஸ் திறந்தது. எங்கள் வீட்டில் அன்று நிலவிய மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. முதல் வேலையாக டேலி கணக்கை வெளி டிஸ்க்கில் படி எடுத்தேன். அடுத்து, செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷனை (பிட்லாக்கர் பூட்டுக்கான அமைப்பு) அணைத்துப் பூட்டை முழுவதுமாக நீக்கினேன். உபுண்டு, ஃபெடோரா போன்றவை செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஏறக்கூடியவை. கடையில் அதை அணைத்ததற்குத் தேவையே இருந்திருக்கவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோது இரண்டாவது கோளாறு வெளிப்பட்டது. புதிய எஸ்எஸ்டியைக் கழற்றிச் சோதித்தால், கணினி கருந்திரையில் க்ரப் என்ற எழுத்தோடு நின்றது. லினக்ஸின் கோப்புகள் புதிய எஸ்எஸ்டியில் இருந்தாலும், அதைத் துவக்கும் க்ரப் மட்டும் விண்டோஸ் எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (துவக்கக் கோப்புகள் இருக்கும் சிறு பகுதி) போய் உட்கார்ந்திருந்தது. சில லினக்ஸ் இன்ஸ்டாலர்கள், நாம் எந்த டிஸ்க்கைக் காட்டினாலும், முதலில் கண்ணில் படும் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே துவக்கக் கோப்பை எழுதிவிடுகின்றன. அப்படி எழுதிவிட்டால், தனி டிஸ்க் வாங்கியதன் நோக்கமே வீணாகிவிடுகிறது.

எனவே மறுபடியும் ஏற்றினோம், இம்முறை வீட்டிலேயே. மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரி இணைப்பையும் பிரித்துவிட்டு, விண்டோஸ் எஸ்எஸ்டியைக் கழற்றி எடுத்து வைத்தோம். சில பயாஸ்களில் அந்த ஸ்லாட்டை மட்டும் அணைக்கும் வசதி உண்டு. இருந்தால் திருப்புளிக்கு வேலை இல்லை. புதிய எஸ்எஸ்டி மட்டும் இருந்ததால், லினக்ஸ் தனக்கென ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷனை அதிலேயே உருவாக்கிக்கொண்டது. பிறகு விண்டோஸ் எஸ்எஸ்டியைத் திரும்பப் பொருத்தி, அதன் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் மிச்சமிருந்த லினக்ஸ் ஃபோல்டரை நீக்கினோம். அப்போது மைக்ரோசாஃப்ட் என்ற ஃபோல்டரில் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது எந்த எஸ்எஸ்டியைக் கழற்றினாலும் மற்றது தானே துவங்குகிறது. இதைச் சோதித்துக் காட்டாத கடைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இதன் பின்னர், என் சொந்தக் கணக்கில் டிவைஸ் என்க்ரிப்ஷனை மீண்டும் இயக்கி, புதிய ரெக்கவரி கீயை அச்செடுத்து ஆலைக் கோப்புகளோடு வைத்திருக்கிறேன். க்ரப் மெனு வழியாக விண்டோஸுக்குள் நுழைந்தால் பிட்லாக்கர் மறுபடி சாவி கேட்கக்கூடும் என்பதால், கணினியின் பூட் மெனு விசையை அழுத்தித்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். லெனோவோவிலும் டெல்லிலும் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை (விரைவாகத் துவங்குவதற்காக விண்டோஸை முழுவதும் அணையவிடாத வசதி) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியாமல் போகும். லினக்ஸைப் பயன்படுத்திய பிறகு விண்டோஸின் கடிகாரம் 5.30 மணி நேரம் பின்தங்கினால் பயப்பட வேண்டாம். கணினிக் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிப்பதே காரணம். லினக்ஸில் அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிய பிறகு, அதிகாலையில் எழுதும் வவுச்சர்களில் முந்தைய நாள் தேதி விழுவது நின்றது.