ஈ எண்ணும் வேலை: மூன்றாம் சுற்று

வேலை வெட்டி இல்லாமல் இருப்பவனை ஈ ஓட்டுகிறான் என்பார்கள். இரண்டு மாதமாக நான் அதற்கு நேர்மாறான வேலையில் இருக்கிறேன். ஈக்களை வரவழைக்கிறேன், பிடிக்கிறேன், எண்ணுகிறேன். அடர்ந்த காடு, காட்டை வெட்டி உண்டாக்கிய தோட்டத்தின் ஓரம், வீடுகள் நெருங்கிய பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் அழுகலை நாடி வரும் ஈக்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்க ஆசை.

இரை வைத்த பாட்டிலைக் கயிற்றில் தொங்கவிடுவதுதான் என் பொறி. முதல் சுற்று வீண். இரையைப் புதிதாகவே வைத்துவிட்டேன், ஈக்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் சுற்றில் இரண்டு நாள் அழுகவிட்ட மீனை வைத்தேன். எறும்புகள் கயிறு வழியாக இறங்கி முள்ளை மட்டும் மிச்சம் வைத்தன. இந்த முறை கயிற்றில் கிரீஸ் தடவினேன். மழைநீர் இறங்காமல் இருக்க பாட்டிலுக்கு மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துக் கட்டினேன். மூன்று இடங்களிலும் ஒரே எடை மீன், ஒரே உயரம், ஒரே நாளில் தொடங்கி 48 மணி நேரம்.

பொறியைத் திறக்கும் நிமிடத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். காற்று பொறியைத் தாண்டி உங்கள் முகத்துக்கு வரும்படி நிற்காதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வகை பிரிப்பதுதான் எனக்குப் பிடித்த கட்டம். ஆல்கஹாலில் இருந்து எடுத்த ஈயின் மயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். காகிதத்தில் வைத்து உலரவிட்டால்தான் உண்மையான நிறம் தெரியும். பச்சையும் நீலமுமாக மின்னும் இரண்டு ஈக்களை முதலில் ஒன்று என்றே எண்ணினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஒன்றுக்கு மார்பின் முன்பக்க மூச்சுத்துளை கரும்பழுப்பாக இருந்தது, மற்றதற்கு வெள்ளை. கரும்பழுப்பு உள்ளது கிரைசோமியா மெகாசெபாலா, வெள்ளை உள்ளது கிரைசோமியா ரூஃபிஃபேசீஸ். மெகாசெபாலா ஆணின் சிவந்த கண்ணை இன்னும் நெருங்கிப் பாருங்கள். மேல்பாதியில் கண்ணறைகள் (கூட்டுக்கண்ணின் சின்னச் சின்ன அலகுகள்) பெரிதாகவும் கீழ்ப்பாதியில் பொடியாகவும் இருக்கும். நடுவே கோடு கிழித்ததுபோல ஓர் எல்லை. அந்தக் கோட்டைப் பார்த்த அன்று வேறு வேலை ஓடவில்லை.

இனி கணக்கு. வீடுகள் பக்கம் 340 ஈக்கள், 6 வகை. தோட்டத்து ஓரம் 118 ஈக்கள், 11 வகை. காட்டுக்குள் 43 ஈக்கள், 8 வகை. ஓரம்தான் வளமான இடம் என்று அன்று இரவே நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். மறுநாள் காலையில் அந்த அடிக்கோடு உறுத்தியது. 43 ஈயில் கிடைத்த 8 வகையையும் 340 ஈயில் கிடைத்த 6 வகையையும் எப்படி ஒப்பிடுவது? அதிகம் பிடித்தால் வகையும் அதிகம் சிக்கத்தானே செய்யும்?

ஆகவே சீட்டு குலுக்கினேன். வீட்டுப்பக்கத்து 340 ஈக்களுக்கும் தலைக்கு ஒரு சீட்டு எழுதி, கண்ணை மூடி 43 எடுத்து, எத்தனை வகை வந்தது என்று குறித்தேன். பத்து முறை செய்தேன். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு வகை, ஒரு முறை இரண்டே. காரணம் எளிது, அந்த 340-இல் 306 மெகாசெபாலா. ஓரத்து ஈக்களையும் இப்படியே குலுக்கியபோது ஏழு, எட்டு என்று வந்தது, ஏறத்தாழ காட்டின் அளவுதான். ஓரத்தின் 11 வகையில் ஐந்து, ஒற்றை ஈயாக வந்தவை. அவற்றில் மூன்று காட்டுப் பொறியிலும் இருந்தவை. அடிக்கோட்டை அழித்துவிட்டேன்.

காட்டைக் குலைத்தால் ஈ குறையும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவோம். தலைகள் பெருகுகின்றன, வகைகள் சுருங்குகின்றன. குப்பை, மலம், கழிவு என்று மனிதன் பக்கத்தில் உணவு தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. அதைத் தின்று வளரத் தெரிந்த, வெயிலைத் தாங்கும் சில இனங்கள் கொழிக்கின்றன. நிழலும் ஈரமும் வேண்டிய இனங்களுக்கு அங்கே இடமில்லை. அமெரிக்க வெப்பமண்டலத்து மெசெம்பிரினெல்லா ஈக்கள் இதற்கு நல்ல உதாரணம். பெண் ஈ ஒரே ஒரு புழுவை வயிற்றுக்குள்ளேயே வளர்த்துப் பெறும். காட்டை விட்டு வெளியே அவற்றைக் காண்பது அரிது. எதிர்ப்பக்கத்தில், 1970களில் பிரேசிலுக்குள் வந்து சேர்ந்த கிரைசோமியா இனங்கள் வேகமாகப் பரவின. ஏற்கெனவே அங்கிருந்த கோக்ளியோமியா மாசெல்லாரியா என்ற ஈ பல இடங்களில் குறைந்துபோனது.

ஃபின்லாந்தின் பூச்சியியலாளர் பெக்கா நூர்டெவா 1963-இல் தந்த ஒரு குறியீட்டையும் போட்டுப் பார்த்தேன். ஓர் இனம் நகரில், ஊர்ப்புறத்தில், காட்டில் எத்தனை சதவீதம் சிக்கியது என்பதை வைத்து, அது மனிதனை எவ்வளவு ஒட்டி வாழ்கிறது என்று +100 முதல் −100 வரை மதிப்பிடுவது. தோட்டத்து ஓரத்தை ஊர்ப்புறமாக வைத்துக்கொண்டேன். மெகாசெபாலாவுக்கு 90 வந்தது. எண் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் இடத்துக்கு ஒரு பொறி, ஒரு சுற்று. ரொம்ப நம்ப மாட்டேன்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ஈ வெகுதூரம் பறக்கும். ஓரத்துப் பொறியில் சிக்கியது அங்கேயே வாழ்வதா, நாற்றம் பிடித்துக் காட்டிலிருந்து வந்ததா என்று பொறி சொல்லாது. அதனால் மூன்று இடங்களிலும் வலைக்கூண்டுக்குள் திறந்த இரையும் வைத்தேன், விலங்குகள் தூக்கிப் போகாமல், ஈ மட்டும் வந்து முட்டையிட. அதில் வந்த புழுக்களை மணல் போட்ட டப்பாக்களில் வளர்க்கிறேன். ஓரத்து டப்பாவில் சதைமுட்கள் நீட்டிய புழுக்கள் மற்ற புழுக்களைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தன. அது ரூஃபிஃபேசீஸின் குணம். அவற்றைத் தனி டப்பாவுக்கு மாற்றத் தாமதித்தது என் தவறு, பாதிப் புழுக்கள் போய்விட்டன.

தப்பியவற்றில் பதினொன்று மணலுக்குள் இறங்கிக் கூடாகிவிட்டன. இன்று காலை வரை ஒன்றும் வெடிக்கவில்லை.